ஆட்டின் கணக்கும் உங்கள் ஒன்பது மாதக் கணக்கும்: வாழ்வாதாரத் திட்டங்களை வகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

வாழ்வாதார உதவித் திட்டங்களை வகுத்து, அவற்றுக்கு நிதி ஒதுக்கும் பொறுப்பில் இருக்கும் மதிப்புக்குரியவர்களுக்கு,

சென்ற மாதம் நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கையை மூன்று முறை படித்த பிறகு இதை எழுதுகிறேன். மிக வறிய குடும்பங்களுக்கான திட்டக் காலம் 24 மாதங்களிலிருந்து 9 மாதங்களாகக் குறைக்கப்படுகிறது. தொடக்க மாதங்களில் கொடுத்துவந்த உணவுப் படி நிறுத்தப்படுகிறது. களப்பணியாளர் வாரம் ஒருமுறை வீடு தேடிச் செல்ல வேண்டியதில்லை, மாதம் ஒருமுறை தொலைபேசியில் விசாரித்தால் போதும். இவற்றால் மிச்சமாகும் தொகையில் இன்னும் பல குடும்பங்களுக்கு ஆடு, மாடு, கோழி, தையல் இயந்திரம் ஆகியவை வழங்கப்படும். ‘அதே நிதியில் இரு மடங்குப் பயனாளிகள்’ என்று கடைசிப் பத்தியில் தடித்த எழுத்தில் அச்சிட்டிருக்கிறீர்கள். பதினாறு ஆண்டுகளாகக் களப்பணியாளராக இருக்கும் என்னால் அந்தப் பத்தியைப் பேசாமல் கடந்துபோக முடியவில்லை.

முதலில் ஓர் எளிய கணக்கு. வெள்ளாட்டின் சினைக்காலம் ஏறத்தாழ 150 நாள். புதிதாக ஓர் இடத்துக்கு வந்த ஆடு அந்த மேய்ச்சலுக்கும் தண்ணீருக்கும் பழகிச் சினைபிடிக்க ஒன்றிரண்டு மாதங்கள் ஆகும். ஈன்ற குட்டி விற்கும் பருவத்துக்கு வர இன்னும் ஆறு முதல் பத்து மாதங்கள் தேவை. ஆகவே, ஆடு கைக்கு வந்த நாளிலிருந்து முதல் குட்டியை விற்றுக் காசு பார்க்க, எல்லாம் நல்லபடியாக நடந்தாலும், ஓர் ஆண்டுக்கு மேல் ஆகும். பசுவின் சினைக்காலமோ ஏறத்தாழ 280 நாள். உங்கள் புதிய திட்டக் காலம் 270 நாள். ஒரு பசு சினைபிடித்துக் கன்று போடுவதற்குள் முடிந்துவிடும் திட்டத்துக்கு ‘நிலையான வருமானம்’ என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். இந்த அறிக்கையைத் தயாரித்தவர்களில் ஒருவராவது கால்நடை வளர்த்த வீட்டில் பிறந்திருந்தால் அந்த எண்ணைப் பார்த்ததும் சிரித்திருப்பார்.

அந்த ஓராண்டுக் காலத்தில் அந்தக் குடும்பம் எதைச் சாப்பிடும் என்பதுதான் என் முதல் கேள்வி. திட்டத்துக்கு நாம் தேர்ந்தெடுக்கும் பெண்கள் பெரும்பாலும் அன்றாடக் கூலிக்குப் போகிறவர்கள். ஆடு வந்த பிறகு அதை மேய்க்கவும் தழை ஒடிக்கவும் நாளில் சில மணி நேரம் ஒதுக்க வேண்டியிருப்பதால், கூலி நாட்கள் குறைகின்றன. ஆகவே தொடக்க மாதங்களில் வருமானம் கூடுவதற்குப் பதிலாகக் குறைகிறது. உணவுப் படி அந்தப் பள்ளத்தை நிரப்புவதற்காகத்தான் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. அதை ‘சார்ந்திருக்கும் மனப்பான்மையை வளர்க்கும் இலவசம்’ என்று உங்கள் சுற்றறிக்கை குறிப்பிடுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன், நிதி தாமதமானதால் ஒரு கட்டத்தில் நான்கு மாதங்கள் உணவுப் படி வரவில்லை. அப்போது என் பொறுப்பில் இருந்த ஒரு வீட்டுக்கு வழக்கமான செவ்வாய்க்கிழமை போனேன். கொட்டிலில் முளைக்குச்சி இருந்தது, கயிறு சுருட்டி அதன்மேல் வைக்கப்பட்டிருந்தது, ஆடு இல்லை. நான்கு மாதச் சினை ஆடு. அந்த அம்மா உள்ளே போய், சுவரில் ஆணியில் மாட்டியிருந்த, அடையாளத்துக்காக ஆட்டின் காதில் குத்தியிருந்த மஞ்சள் நிறக் காது வில்லையை எடுத்துக்கொண்டு வந்து என்னிடம் நீட்டினார். “இது ஆபீஸ் சாமான், நீங்களே வாங்கிக்குங்க” என்றார். வியாபாரி அதை அறுத்துப் போட்டிருக்கிறான், இவர் மண்ணிலிருந்து பொறுக்கிக் கழுவி வைத்திருக்கிறார். குழந்தைக்குக் காய்ச்சல், மருந்துக்குக் கையில் ஒன்றும் இல்லை, மூன்று நாட்களாக அடுப்பு சரியாக எரியவில்லை. சினை ஆட்டை அவசரத்துக்கு விற்கிறவர்களிடம் வியாபாரிகள் பேசும் விலை எப்படி இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். வயிற்றில் இருந்த குட்டிக்கு ஒரு காசு கூடக் கிடைக்கவில்லை, தாய்க்கும் பாதி விலைதான். அந்த ஆண்டு இறுதி அறிக்கையில் அந்தக் குடும்பம் ‘உதவி வழங்கப்பட்டது’ என்ற பட்டியலிலேயே இருந்தது. நான்தான் அந்தப் படிவத்தை நிரப்பினேன், ஏனெனில் ‘ஆடு இப்போது இருக்கிறதா’ என்று கேட்கும் கட்டம் அதில் இல்லை.

அந்த அம்மாவைச் சோம்பேறி என்றோ, உதவியின் அருமை அறியாதவர் என்றோ யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அவர் எடுத்தது அன்றைக்கு எடுக்கக்கூடிய ஒரே முடிவு. பசியோடு இருக்கும் வீட்டில் ஆடு என்பது சேமிப்பு. பசி எப்போது வந்தாலும் முதலில் கரைவது சேமிப்புதான். இதற்கு அறிவுரைப் பயிற்சி தீர்வாகாது, தொடக்கத்திலேயே அந்தப் பசியை ஓரளவு அடைத்து வைத்தால்தான் ஆடு தப்பிக்கும்.

நீங்கள் சான்று கேட்பவர்கள் என்பதால், களத்துக்கு வெளியே உள்ள சான்றுகளையும் சொல்கிறேன். இவற்றை உங்கள் அலுவலகமே ஒருமுறை எங்களுக்குப் பயிற்சியில் கற்பித்தது. வங்கதேசத்தில் பிராக் என்ற தொண்டு நிறுவனம் 2002-இல் மிக வறிய குடும்பங்களுக்கென ஒரு தனித் திட்டத்தைத் தொடங்கியது. சிறுகடன் தங்களிடம் வந்து சேராத அளவுக்கு வறுமையில் இருந்தவர்களுக்காக வகுக்கப்பட்டது அது. வருமானம் தரும் ஒரு சொத்து, அதைப் பேணும் பயிற்சி, சில காலத்துக்கு உணவுக்கான படி, சேமிப்புப் பழக்கம், உடல்நலத்துக்கு உதவி, வாரந்தோறும் வீடு தேடி வரும் ஓர் ஊழியர் ஆகிய அனைத்தும் சேர்ந்து ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள். இதே வடிவத்தை எத்தியோப்பியா, கானா, ஹோண்டுராஸ், இந்தியா, பாகிஸ்தான், பெரு ஆகிய ஆறு நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களிடம் சோதித்த ஆய்வு 2015-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. பின்னர் 2019-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற மூவரில் இருவரான அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டஃப்லோவும் அதன் ஆசிரியர்களில் இருந்தார்கள். திட்டம் முடிந்து ஓராண்டு கழிந்த பிறகும் அந்தக் குடும்பங்களின் உணவும் நுகர்வும் சொத்தும் மற்றவர்களைவிடக் கூடுதலாகவே இருந்தன என்பது அதன் முடிவு. மேற்கு வங்கத்தில் அதே குடும்பங்களைப் பத்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோதும் அந்த மேம்பாடு அழிந்துபோகவில்லை.

ஆனால் உங்கள் சுற்றறிக்கைக்கு நேரடியாகப் பதில் சொல்வது கானாவில் நடந்த ஒரு கிளைச் சோதனைதான். அங்கே ஒரு பிரிவுக்கு முழுத் திட்டமும், இன்னொரு பிரிவுக்கு ஆடுகள் மட்டும், வேறொரு பிரிவுக்குச் சேமிப்புக் கணக்கு மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். ஆடு மட்டும் பெற்றவர்களிடமும், சேமிப்புக் கணக்கு மட்டும் பெற்றவர்களிடமும் நிலைத்து நிற்கும் முன்னேற்றம் எதுவும் தெரியவில்லை. முழுத் திட்டத்தைப் பெற்றவர்களிடம் தெரிந்தது. உங்களது புதிய வடிவம் கானாவில் சோதித்துத் தோற்ற வடிவத்துக்கு மிக அருகில் இருக்கிறது. அதை இரு மடங்கு குடும்பங்களுக்குக் கொடுத்தால் தோல்வியும் இரு மடங்காகும் என்றுதான் எனக்குக் கூட்டத் தெரிகிறது.

வங்கதேசத்துத் தரவைக் கொண்டு செய்த இன்னோர் ஆய்வு, மிக வறிய நிலையில் தொடங்கிய 6,000 குடும்பங்களைப் பதினோர் ஆண்டுகள் பின்தொடர்ந்தது. சொத்தைப் பெற்ற பிறகு ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டியவர்கள் மேலே ஏறிக்கொண்டே போனார்கள், அந்த அளவை எட்டாதவர்கள் வழுக்கிப் பழைய இடத்துக்கே வந்தார்கள் என்று அது கண்டது. களத்தில் இருக்கும் எங்களுக்கு இது புதுச் செய்தி இல்லை. மூன்று ஆடு வைத்திருக்கும் வீடு, ஒன்றை அவசரத்துக்கு விற்றாலும் எழுந்துவிடும். ஒரே ஆடு வைத்திருக்கும் வீட்டுக்கு அந்த ஒன்றும் போனால் கயிறுதான் மிச்சம். ஒரு குடும்பத்துக்கு இரண்டு பெட்டை ஆடுகள் என்பதை ஒன்றாகக் குறைக்கலாம் என்ற யோசனையும் சுற்றறிக்கையின் பின்னிணைப்பில் இருக்கிறது. உதவியை அந்த அளவுக்குக் கீழே பரவலாகத் தெளித்தால், யாரும் மேட்டில் ஏற மாட்டார்கள்.

அடுத்தது வீடு தேடிச் செல்லும் பணி. இதை உங்கள் கணக்காளர்கள் ‘நிர்வாகச் செலவு’ என்ற தலைப்பில் எழுதுகிறார்கள், அதனால்தான் வெட்டும்போது முதலில் இதன்மேல் கத்தி விழுகிறது. அந்தச் செலவில் என்ன வாங்குகிறோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

தொலைபேசியில் நான் கேட்பேன்: “ஆடு எப்படி இருக்கும்மா?” அவர் சொல்வார்: “நல்லா இருக்குங்க.” அழைப்பு முடிந்துவிடும், படிவத்தில் ‘நலம்’ என்று குறிப்பேன். நேரில் போனால், ஆட்டின் வால் ஈரமாகச் சாணி ஒட்டிக் கிடப்பது தெரியும், கண்ணின் கீழ்இமையை விலக்கிப் பார்த்தால் இரத்தமின்றி வெளுத்திருப்பது தெரியும். குடற்புழு. அன்றைக்கே மருந்து புகட்டினால் பிழைக்கும், இரண்டு வாரம் விட்டால் போய்விடும். அந்த அம்மா பொய் சொல்லவில்லை. ஆடு எழுந்து நிற்கிறது, மேய்கிறது, ஆகவே அவர் கண்ணுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. மேலும், இலவசமாகக் கொடுத்ததைச் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்று பெயர் வந்துவிடுமோ என்ற பயம் எல்லாருக்கும் இருக்கிறது. அந்தப் பயம் தொலைபேசியில் பேசும்போது கூடும், திண்ணையில் உட்கார்ந்து பேசும்போது குறையும்.

வேறொரு பெண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் மூன்று மாதங்கள் அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசியதே இல்லை. நான் கேட்பதற்குக் கணவரின் அண்ணன்தான் பதில் சொல்வார். எழுதப் படிக்கத் தெரியாது. ஆகவே கணக்கை எப்படி வைப்பது என்று யோசித்து, கரித்துண்டால் சுவரில் கோடு போடச் சொன்னேன். ஆட்டுக்கு நீண்ட கோடு, குட்டிக்குச் சிறிய கோடு, விற்றதற்குக் குறுக்குக் கோடு, சேமிப்புக் குழுவில் போட்ட காசுக்குப் புள்ளி. வாரா வாரம் அந்தச் சுவரின் முன்னால் இருவரும் நின்று எண்ணுவோம். பதினேழாவது மாதம் என்று நினைவு. வீட்டில் ஏதோ செலவு வந்து, ஆட்டை விற்றுவிடலாம் என்று அந்த அண்ணன் சொன்னபோது, நான் இருக்கும்போதே அந்தப் பெண் திரும்பிச் சொன்னார்: “சினையா இருக்கு மாமா. இப்ப வித்தா ரெண்டு போகும். குழுவுல கடன் எடுத்துக்கலாம்.” அவர் அப்படிப் பேசுவதற்கு நாங்கள் சுவர் முன்னால் நின்ற அறுபது, எழுபது செவ்வாய்க்கிழமைகள் தேவைப்பட்டன. உங்கள் புதிய திட்டம் அவரை ஒன்பதாவது மாதத்தில், அவர் தலை நிமிர்வதற்கு முன்பே, ‘வெற்றிகரமாக நிறைவு செய்தவர்’ என்று பட்டியலிட்டு விட்டுவிடும்.

நானும் தவறு செய்தவன்தான், அதை மறைத்தால் இந்த மடலுக்கு மதிப்பிருக்காது. பணியில் சேர்ந்த மூன்றாம் ஆண்டில், விரைவாக வருமானம் காட்ட வேண்டும் என்ற அவசரத்தில், பன்னிரண்டு குடும்பங்களைக் கோழி வளர்ப்புக்கு இணங்கவைத்தேன். தடுப்பூசி வந்து சேரும்வரை பொறுத்திருக்க வேண்டும் என்று கால்நடை உதவியாளர் சொன்னார். வழங்கும் தேதி குறித்தாகிவிட்டது, விழாவுக்கு ஆட்கள் அழைத்தாகிவிட்டது. கோழிகள் வந்தன, படம் எடுத்தோம். மூன்றாவது வாரத்தில் வெள்ளைக்கழிச்சல் நுழைந்தது. பத்தே நாளில் ஒரு வீட்டில்கூட ஒரு கோழி மிஞ்சவில்லை. மேலே சொன்ன ஆறு நாட்டு ஆய்விலும், செலவுக்கேற்ற பலன் கிடைக்காத ஒரே நாடு ஹோண்டுராஸ்; அங்கே பல குடும்பங்கள் கோழிகளைத் தேர்ந்தெடுத்தன, பெரும்பாலான கோழிகள் நோயில் இறந்துபோயின. அதைப் படித்தபோது என் பன்னிரண்டு வீடுகளின் முற்றங்கள்தான் கண்முன் வந்தன. ஆட்டுக்கொல்லி நோய்க்கு ஒரே ஊசி ஏறத்தாழ மூன்று ஆண்டுகளுக்குப் பாதுகாப்புத் தரும். 2030-க்குள் அந்த நோயை உலகத்திலிருந்தே ஒழிக்க ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனமும் உலக விலங்கு நல அமைப்பும் இலக்கு வைத்திருக்கின்றன. அப்படியிருக்க, உங்கள் செலவுப் பட்டியலில் ஊசிக்கும் குடற்புழு மருந்துக்கும் ‘பயனாளியின் பொறுப்பு’ என்று எழுதியிருப்பது எந்தக் கணக்கில் சேரும்?

கொள்முதலைப் பற்றி நீளமாக எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன், ஆனாலும் இதை விட முடியவில்லை. நிதி எப்போதும் நிதியாண்டின் கடைசி வாரங்களில்தான் விடுவிக்கப்படுகிறது, அதற்குள் செலவழிக்காவிட்டால் திரும்பிப் போய்விடும். ஆகவே ஒப்பந்தப்புள்ளியில் வென்றவர் தொலைவிலிருந்து லாரியில் ஆடுகளைக் கொண்டுவந்து, இருட்டிய பிறகு இறக்குகிறார். ஒருமுறை நாற்பது ஆடுகள் இறங்கின. பல் பார்த்தபோது அவற்றில் பல கிழடு என்பது தெரிந்தது. இரண்டு வாரத்துக்குள் ஏழு செத்தன. பெற்றுக்கொண்டதற்கான கையொப்பமும் கைநாட்டும் அன்றிரவே வாங்கியாகிவிட்டதால், செத்தவற்றுக்கு யாரும் பொறுப்பேற்கவில்லை. அதே பணத்தை அந்தப் பெண்களின் கையில் கொடுத்து, துணைக்கு ஒரு கால்நடை உதவியாளரையும் அனுப்பி, பக்கத்துச் சந்தையில் அவர்களே பார்த்து வாங்கச் செய்த ஒரு கட்டமும் எங்களுக்கு உண்டு. ஒவ்வொருவரும் ஆட்டின் வாயைத் திறந்து பார்த்து, மடியை அழுத்திப் பார்த்து, பேரம் பேசி, மிச்சம் பிடித்த காசில் தீவனமும் வாங்கி வந்தார்கள். வறியவர்களுக்கு வாங்கத் தெரியாது என்று நினைப்பவர்கள் அந்த ஒரு காலைப்பொழுதை நேரில் பார்த்திருக்க வேண்டும்.

தையல் இயந்திரங்களைப் பற்றி ஒரு வரி போதும்: ஒரே குடியிருப்பில் முப்பத்தொரு வீடுகளுக்குக் கொடுத்தோம், தைக்கக் கொடுப்பதற்கு அந்தக் குடியிருப்பில் அத்தனை துணி இல்லை.

‘பயனாளி பங்களிப்பு’ என்ற புதிய விதி எனக்கு இன்னும் கவலை தருகிறது. சொத்தின் மதிப்பில் கால் பங்கைக் குடும்பமே முன்பணமாகக் கட்டினால் பொறுப்புணர்வு வரும் என்கிறீர்கள். கால் பங்கைக் கட்ட முடிந்த குடும்பம் இந்தத் திட்டத்துக்கு உரிய குடும்பமாக இருக்க வாய்ப்பு குறைவு. உரிய குடும்பம் கட்டுகிறது என்றால், வட்டிக்கு வாங்கிக் கட்டுகிறது என்று பொருள். அப்படிக் கட்டியவர்களை எனக்குத் தெரியும். ஆடு குட்டி போடும் முன்பே வட்டி குட்டி போட்டுவிட்டது. சொந்தக் கொட்டில் உள்ளவர்களுக்கு முன்னுரிமை என்ற விதியும் இதே வகைதான். வெற்றி விகிதம் உயர வேண்டும் என்பதற்காக, ஏற்கெனவே பாதி வெற்றி பெற்றவர்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறீர்கள். பட்டியலின் அடியில் இருக்கும் கணவனை இழந்த பெண்ணும், கால் ஊனமுற்றவரும், பேரப்பிள்ளைகளை வளர்க்கும் மூதாட்டியும் அந்த விதியில் தாமாகவே உதிர்ந்துவிடுகிறார்கள். உதிர்ந்தவர்கள் எத்தனை பேர் என்பது எந்த அறிக்கையிலும் வருவதில்லை.

உங்கள் பக்கத்து நியாயத்தை நான் அறியாதவன் அல்லன். நிதி சுருங்குகிறது, காத்திருப்போர் பட்டியல் நீள்கிறது. முழுத் திட்டத்துக்கு ஒரு குடும்பத்துக்கு ஆகும் செலவு அதிகம் என்பதும் உண்மை. என் மேசையிலும் அந்தப் பட்டியல் இருக்கிறது. இந்த ஆண்டும் இல்லை என்று சொல்லிவிட்டு அந்த வீடுகளைக் கடந்து நடக்கிறவனும் நான்தான். எல்லா வீட்டுக்கும் ஏதாவது ஒன்று கிடைத்தால் நல்லதுதானே என்று எனக்கே தோன்றிய நாட்கள் உண்டு. ஆனால் பாதியில் விடப்பட்ட வீடு, உதவியே கிடைக்காத வீட்டைவிட மோசமான நிலைக்கு வருவதை நான் பார்த்திருக்கிறேன். அதற்குக் கடன் கூடியிருக்கும், கூலிக்கு அழைக்கும் இடத்தில் அதன் இடம் போயிருக்கும், ‘உனக்குத்தான் எல்லாம் கொடுத்தாங்களே’ என்று அக்கம்பக்கத்தார் கைமாற்றுக் கொடுப்பதையும் நிறுத்தியிருப்பார்கள். அதற்கும் மேலாக, ஒருமுறை பயனாளியானவரை மறுமுறை சேர்க்கக் கூடாது என்ற விதியால், அந்த வீட்டின் கதவு நிரந்தரமாக அடைபட்டுவிடும்.

உணவுப் பாதுகாப்பு என்ற சொல் உங்கள் திட்டத்தின் தலைப்பிலேயே இருக்கிறது. 1996-இல் ரோமில் நடந்த உலக உணவு உச்சி மாநாடு அந்தச் சொல்லுக்குக் கொடுத்த விளக்கத்தில், எல்லா மக்களுக்கும் ‘எல்லாக் காலத்திலும்’ போதுமான, பாதுகாப்பான, சத்தான உணவு எட்ட வேண்டும் என்று வருகிறது. எல்லாக் காலத்திலும் என்பதுதான் அதில் கடினமான பகுதி. ஓர் ஆண்டில் வேலை கிடைக்கும் மாதங்களும் உண்டு, கிடைக்காத மாதங்களும் உண்டு. வேலையில்லாத மாதங்களைத் தாண்டிவிட்டதா என்பதுதான் ஒரு குடும்பத்தின் உண்மையான தேர்வு. ஒன்பது மாதத் திட்டம் ஒரு முழு ஆண்டைக்கூடப் பார்ப்பதில்லை. நல்ல மாதத்தில் தொடங்கி நல்ல மாதத்தில் முடித்தால் எந்த அறிக்கையும் அழகாகத்தான் இருக்கும். உணவு வேளாண்மை நிறுவனம் வகுத்த அளவுகோல் ஒன்று இருக்கிறது: கடந்த 12 மாதங்களைப் பற்றி எட்டே கேள்விகள். உணவு போதாமல் போய்விடுமோ என்று கவலைப்பட்டீர்களா என்பதில் தொடங்கி, ஒரு நாள் முழுதும் சாப்பிடாமல் இருந்தீர்களா என்பதில் முடியும். கேட்டு முடிக்கப் பத்து நிமிடம் ஆகாது. நாங்கள் நிரப்பும் பதினான்கு பக்கப் படிவத்தில் அந்த எட்டில் ஒன்றுகூட இல்லை. வழங்கிய பொருளின் வரிசை எண்ணுக்கு மட்டும் மூன்று இடங்களில் கட்டம் இருக்கிறது.

ஆகவே, கீழ்க்காணும் கோரிக்கைகளை உங்கள் முன் வைக்கிறேன்.

திட்டக் காலத்தை 9 மாதங்களாக்கும் முடிவைத் திரும்பப் பெற வேண்டும். கால்நடை வழங்கப்படும் குடும்பங்களுக்கு, கால்நடை கைக்கு வந்த நாளிலிருந்து குறைந்தது 18 மாதங்கள், இயன்றால் 24 மாதங்கள் என்று காலம் எண்ணப்பட வேண்டும். இப்போது கையொப்பமாகும் நாளிலிருந்து எண்ணுகிறீர்கள். கொள்முதல் தாமதமாகும் நான்கைந்து மாதங்களும் குடும்பத்தின் கணக்கிலேயே கழிகின்றன.

உணவுப் படியை, முதல் வருமானம் வரும்வரை அல்லது குறைந்தது முதல் 12 மாதங்கள் வரை, மாதத்தின் முதல் வாரத்திலேயே கொடுக்க வேண்டும். நிதி உண்மையிலேயே போதவில்லையென்றால், குடும்பங்களின் எண்ணிக்கையைக் குறைத்து, மற்றவர்களுக்கு அடுத்த கட்டம் எப்போது என்பதைத் தேதியோடு எழுதித் தாருங்கள். அந்தக் காகிதத்தை அவர்களிடம் கொடுக்கும் சங்கடத்தை நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம்.

வாராந்திர வீட்டுச் சந்திப்பை நிர்வாகச் செலவுத் தலைப்பிலிருந்து எடுத்து, திட்டச் செலவில் சேர்க்க வேண்டும். முதல் ஆண்டுக்குப் பிறகு இரு வாரங்களுக்கு ஒருமுறை என்று குறைப்பதில் எனக்கு மறுப்பில்லை. ஓர் ஊழியருக்கு இத்தனை குடும்பங்களுக்கு மேல் இல்லை என்ற உச்சவரம்பும் வேண்டும். இப்போது என் பொறுப்பில் 140 வீடுகள் இருக்கின்றன, வாரத்துக்கு ஏழு நாட்கள்தான்.

தடுப்பூசி, குடற்புழு நீக்கம், காப்பீடு ஆகியவற்றின் செலவைத் திட்டமே ஏற்க வேண்டும். ஊசி போட்டு உரிய நாட்கள் கழியாத எந்தக் கால்நடையையும், விழாத் தேதி குறித்தாகிவிட்டது என்பதற்காக வழங்கக் கூடாது. பங்களிப்பு விதியையும் சொந்தக் கொட்டில் விதியையும் நீக்க வேண்டும். எதை வளர்ப்பது, எதைச் செய்வது, எங்கே வாங்குவது என்பதைக் குடும்பமே தீர்மானிக்க இடம் தர வேண்டும். நிதியை அதற்கேற்ற பருவத்தில் விடுவிக்க முடியாவிட்டால், அடுத்த நிதியாண்டுக்கு எடுத்துச் செல்ல அனுமதியாவது வேண்டும்.

திட்டம் முடிந்து ஓராண்டு கழித்து, வேலையில்லாத மாதம் ஒன்றில், ஒவ்வொரு வீட்டிலும் அந்த எட்டுக் கேள்விகளைக் கேட்டு, கிடைக்கும் பதிலை, அது எங்களுக்கு எவ்வளவு பாதகமாக இருந்தாலும், வெளியிட வேண்டும். சொத்தை இழந்த குடும்பத்தை, இழந்த காரணத்தை விசாரித்து, மீண்டும் சேர்த்துக்கொள்ள விதியில் வழி செய்ய வேண்டும்.

அடுத்த கட்டப் பயனாளிப் பட்டியல் இறுதி செய்யப்படுவதற்கு இன்னும் ஆறு வாரங்கள் இருக்கின்றன. அதற்கு முன் இந்தக் கோரிக்கைகள் ஒவ்வொன்றுக்கும், ஏற்பதானாலும் மறுப்பதானாலும், காரணத்தோடு எழுத்தில் பதில் தாருங்கள். சுற்றறிக்கையில் கையொப்பமிட்டவர்களில் ஒருவராவது அதற்குள் ஒரு செவ்வாய்க்கிழமை என்னோடு வந்து, காலை முதல் மாலை வரை வீடுகளுக்கு நடக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். முதலில் நாம் போகப்போவது, அந்தக் காது வில்லையை என்னிடம் கொடுத்த அம்மாவின் வீட்டுக்கு. வில்லை இன்னும் என் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது. அவரை மறுபடி எப்போது சேர்ப்பீர்கள் என்று ஒவ்வொரு ஆண்டும் கேட்கிறார்; அதற்கான பதிலை நீங்களே அவரிடம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பதினாறு ஆண்டுகளாக உங்கள் திட்டங்களை வீடுகளுக்குக் கொண்டுசேர்க்கும் ஒரு களப்பணியாளர்